வெளிச்சம் எடுத்துப்போன பச்சை

ஏலக்காய்க்கு விலை வைக்கிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பருமன், எடை, வாசம் எல்லாம் அடுத்தடுத்து வரும். பச்சை குன்றாமல் இருந்தால் ஒரு விலை, வெளுத்திருந்தால் இன்னொரு விலை. அதனால்தான் மலையில் பறித்த காயை வெயிலில் காயப்போடுவதில்லை. ஸ்டோர் என்று எங்கள் பக்கம் சொல்லும் உலர்த்துகிற கட்டடத்துக்குள், மிதமான சூட்டில், விடிய விடியக் காயவைப்பார்கள். வெயிலில் போட்டால் விறகுச் செலவு மிச்சம், ஆனால் பச்சை போய்விடும். காய்ந்த காயை மூட்டை கட்டும்போதும் சாக்குக்குள் கறுப்பு பாலித்தீன் உறை போட்டுத்தான் கட்டுவது வழக்கம். ஈரம் ஏறக் கூடாது என்பதற்காக உறை. வெளிச்சம் ஏறக் கூடாது என்பதற்காகக் கறுப்பு.

நான் தேவாரத்துக்காரன். தேவாரம் என்றதும் அப்பரும் சம்பந்தரும் நினைவுக்கு வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: இது போடிநாயக்கனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தை ஒட்டியிருக்கிற ஒரு பேரூராட்சி. விடியற்காலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஊர். வெளிச்சம் நிறத்தைத் தின்னும் என்பது இங்கே யாருக்கும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் இதே ஆட்கள் வீட்டில், தாத்தா காலத்துச் சாமி படத்துக்கு நேர் மேலே ட்யூப் லைட் மாட்டியிருப்பார்கள். காய்க்குத் தெரிந்தது படத்துக்கு ஏன் தெரியாமல் போச்சு என்ற கேள்வியில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது. ஆரம்பித்த பிறகு லண்டன், எடின்பரோ, சோழமண்டலக் கரை, கோவில்பட்டி, ஹார்வர்டு என்று கொஞ்சம் சுற்றவேண்டியதாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சலூனுக்குப் போவோம். எந்த ஊர் சலூனாக இருந்தாலும் சரி, பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒட்டிய ஒரு படமாவது சுவரில் இருக்கும். முகம் நீலம், புல்வெளி நீலம், ரோஜாப்பூ சாம்பல். படம் மொத்தமும் தண்ணிக்குள் மூழ்கிக் கிடக்கிற மாதிரி இருக்கும். நாம் அதைப் பழசு என்கிறோம். உண்மையில் நடந்தது வயதாவது இல்லை, கழித்தல் கணக்கு. வண்ண அச்சுக்கு நாலு மை: நீலப்பச்சையான சயான், கத்தரிச் சிவப்பான மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கறுப்பு வெறும் கரி. அதை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. மெஜந்தாவும் மஞ்சளும் பலவீனமானவை. அவை இரண்டும் போன பிறகு மிச்சம் நிற்பதுதான் அந்த நீலம். பச்சை என்பது சயான் மேல் மஞ்சள் விழுந்து உண்டானது என்பதால், மஞ்சள் கிளம்பியதும் இலையெல்லாம் நீலமாகிவிடுகிறது.

சயான் மட்டும் ஏன் இவ்வளவு உறுதி? அதன் கதை ருசியானது. 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஊரில் ஒரு சாயத் தொழிற்சாலையில் வெள்ளைப் பொருள் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தின் உள்பூச்சு விரிசல் விட்டு, அடியில் இருந்த இரும்பு கலந்து, எங்கிருந்தோ நீலக் கசடு வந்தது. கழுவிக் கொட்டாமல் ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பத்துக்குத்தான் பின்னால் தாலோசயனின் என்று பெயர். இரும்புக்குப் பதில் தாமிரம் வைத்த வடிவம் 1935-இல் மோனாஸ்ட்ரல் நீலம் என்று சந்தைக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க சயான் மை அதுதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் கட்டமைப்பு. நடுவில் ஒரு உலோக அணு, சுற்றிலும் நைட்ரஜன் கோத்த ஒரு வளையம். இலைப் பச்சையமும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான், நடுவில் தாமிரத்துக்குப் பதில் மக்னீசியம். ஒன்றுவிட்ட பங்காளிகள் என்று சொல்லலாம். ஒருத்தன் சலூன் சுவரில் இருபது வருஷம் நிற்கிறான், இன்னொருத்தன் ஏலக்காய்த் தோலில் ரெண்டு நாள் வெயிலுக்குத் தாங்கமாட்டான். உயிரோடு இருக்கிற செடி, போன பச்சையத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். பறித்த காய்க்கு அந்த வசதி இல்லை.

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஒளி துகள் துகளாக வருகிறது. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஆற்றல். 1240-ஐ அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் விடை வரும். சிவப்பு ஒளி, 650 நானோமீட்டர் என்றால் 1.9. ஊதாவின் ஓரம், 400 என்றால் 3.1. அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியாத புறஊதா, 365 என்றால் 3.4. சாய மூலக்கூறுகளைக் கட்டிப்பிடித்திருக்கும் பல பிணைப்புகளின் பலம் 3-லிருந்து 4 வரை. ஆக, சிவப்பு ஒளி எவ்வளவு கொட்டினாலும் முட்டித் திரும்பும், புறஊதா நேரே அறுக்கும் என்று தோன்றும். பாதி உண்மை. சாயம் என்றாலே கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுகிற பொருள், அதனால்தான் அதற்கு நிறம். உறிஞ்சிய ஆற்றலோடு அது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து வேறு பொருளாக மாறலாம். நேரே அறுக்கவேண்டிய அவசியமே இல்லை. புறஊதாவைத் தடுத்துவிட்டால் படம் பிழைத்துவிடும் என்று நினைப்பவர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். திரும்ப வருகிறேன்.

இதை முதலில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தது லண்டனில். தெற்கு கென்சிங்டன் அருங்காட்சியகம் 1857-இல் திறந்தபோது அதில் கேஸ் விளக்கு போட்டார்கள். காரணம் நல்ல காரணம்: பகல் முழுக்க வேலை செய்கிற தொழிலாளி ராத்திரி வந்து படம் பார்க்கட்டும் என்று. உடனே சண்டை, கேஸ் படங்களைக் கெடுக்கும் என்று. 1859-இல் ஃபாரடே, டிண்டால், ஹாஃப்மன் போன்ற பெரிய தலைகள் உட்கார்ந்து ஆராய்ந்து, சரியாக அமைத்தால் பாதகமில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் கவலைப்பட்டது அதிகமும் புகை, சூடு பற்றி. வெளிச்சமே குற்றவாளியாக இருக்கலாம் என்ற வழக்கு 1886-இல் டைம்ஸ் பத்திரிகையில் வெடித்தது. அரசியின் ஓவியங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த ஜே. சி. ராபின்சன், நீர்வண்ண ஓவியங்களைத் தொங்கவிட்டே அழிக்கிறீர்கள் என்று எழுத, பதில்மேல் பதில். கடைசியில் அரசு, வேதியியலாளர் ரஸ்ஸலையும், புகைப்பட வேதியியலில் பேர்போன கேப்டன் அப்னியையும் ஆராயச் சொன்னது.

1888-இல் வந்த அவர்கள் அறிக்கையைப் படித்தால் ஒரு நல்ல பொறியாளர் வேலை செய்கிற மாதிரி இருக்கும். காகிதத்தில் வண்ணம் தடவி, கண்ணாடிக் குழாய்களில் போட்டு, மாதக்கணக்கில் வெயிலில் வைத்தார்கள். ஒரு குழாயில் சாதாரணக் காற்று, ஒன்றில் உலர்ந்த காற்று, ஒன்றில் காற்றே இல்லை. சில குழாய்களுக்கு மேல் சிவப்புக் கண்ணாடி, நீலக் கண்ணாடி. ஒவ்வொரு காரணியையும் தனித்தனியாகக் கழற்றிப் பார்க்கிறார்கள். நாங்கள் புரோகிராமில் பிழை தேடுவதும் இப்படித்தான். நீலம், ஊதா, அதற்கு அப்பால் உள்ள கதிர்கள்தான் பெரிய சேதம் செய்கின்றன என்று தெரிந்தது. காற்றும் ஈரமும் இல்லாத குழாயில், பிரஷ்யன் நீலம் மாதிரி ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர, வண்ணங்கள் அப்படியே இருந்தன. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்து மூலப்படி, நந்தலால் போஸ் குழுவினர் ஓவியம் தீட்டியது, 1994 முதல் நாடாளுமன்ற நூலகத்தில் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் இருக்கிறதே, அந்தப் பெட்டியின் மூதாதை ரஸ்ஸலும் அப்னியும் வெயிலில் வைத்த அந்தக் குழாய்தான்.

எடின்பரோவில் வேறு மாதிரித் தீர்வு. ஹென்றி வாகன் என்ற சேகரிப்பாளர் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்களை அங்குள்ள தேசிய ஓவியக்கூடத்துக்கு 1900-இல் உயிலாகக் கொடுத்தார். நிபந்தனை: ஜனவரி மாதம் மட்டும்தான் வெளியே எடுத்துக் காட்டவேண்டும். ஸ்காட்லாந்து ஜனவரியில் சூரியன் வந்த மாதிரியும் இருக்கும் வராத மாதிரியும் இருக்கும். கருவி இல்லை, கண்ணாடி இல்லை, காலண்டரை மட்டும் வைத்துச் செய்த பாதுகாப்பு. அந்த ஓவியங்கள் இன்றும் ஜனவரியில் வெளியே வருகின்றன. உற்சவ மூர்த்தி வருஷத்துக்கு ஒருதடவை தேரேறுகிற மாதிரி.

இனி நம் கரைக்கு வருவோம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிய பூத்துணிகளுக்கு ஐரோப்பாவே கிறுக்குப் பிடித்து அலைந்தது. பிரிட்டன் தன் நெசவாளர்களைக் காப்பாற்ற 1701-லும் 1721-லும் தடைச்சட்டமே போட்டது. துணியின் பெருமை அதன் உறுதி: துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று ஆகும் என்று பேர். சிவப்புக்குச் சாயவேரும் படிகாரமும், நீலத்துக்கு அவுரி. சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள ஒற்றுமையை எழுதிய கேர்து பாதிரியார், சாயக்காரர்களிடம் விசாரித்து 1742-இல் இந்த வேலையின் ஒவ்வொரு படியையும் பிரான்சுக்குக் கடிதமாக எழுதினார். தொழில் ரகசியத்தைக் கடத்தினார் என்றும் சொல்லலாம், நான் அப்படித்தான் சொல்வேன்.

அந்தத் துணிகள் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மாதிரி இடங்களில் மங்கிய வெளிச்சத்தில் இருக்கின்றன. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூ சிவப்பாகவே இருக்கிறது, தண்டு கறுப்பு, இலை நீலம். வரிசையாக எல்லாத் துணியிலும் இலைகள் நீலம். வெள்ளைக்காரனுக்காக விசித்திரமாக வரைந்தார்களோ என்று தோன்றும். இல்லை. பச்சைக்குத் தனிச்சாயம் கிடையாது. அவுரி நீலத்தின்மேல் கடைசியாக மஞ்சளைக் கையால் தடவுவார்கள். அந்த மஞ்சள்தான் கூட்டத்திலேயே பலவீனமானது. முந்நூறு வருஷத்தில் அது கிளம்பிப்போய், அடியில் இருந்த நீலம் தெரிகிறது. சலூன் படத்தில் நடந்ததும் இதேதான். ஒன்று அரண்மனைப் படுக்கையறைத் திரை, மற்றது பத்து ரூபாய்ப் படம். ரெண்டிலும் மேலே போட்ட மஞ்சள் போய், கீழே இருந்த நீலம் மிஞ்சியிருக்கிறது.

எல்லாமே வெளிச்சத்தில் அழியும் என்று பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் ஒளிந்திருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் அவற்றைக் கண்டுபிடித்தார். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தில் இருந்த எஸ். பரமசிவன் அந்தச் சுவர்ப்பூச்சையும் வண்ணங்களையும் சோதித்தார். காவி மண், மஞ்சள் மண், சுண்ணாம்பு, விளக்குக் கரி என்று பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான். ஏற்கெனவே லட்சக்கணக்கான வருஷம் வெயிலில் கிடந்த மண்ணை, விளக்கு வெளிச்சம் புதிதாக என்ன செய்துவிடும்? அவற்றுக்கு எதிரி ஈரம், உப்பு, வௌவால், வெள்ளையடிக்கிற ஆள். எங்கள் போடி ஜமீன் அரண்மனையில் இருக்கும் ராமாயணச் சுவரோவியங்களுக்கும் முதல் எதிரி ட்யூப் லைட் என்று நான் சொல்லமாட்டேன், கூரை ஒழுகல்தான்.

இருட்டு மட்டும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்பதும் இல்லை. எங்கள் ஊர்ப் பெயரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் பூட்டிய அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைக் கரையான் மூடியிருந்தது என்பதுதானே கதை. வெளிச்சமே படாத ஏடுகள் அவை.

வெளிச்சத்துக்கு உண்மையில் பலவீனமானவை உயிர்ப்பொருளில் இருந்து வந்தவையும், ஆய்வகத்தில் செய்த சாயங்களும்: பட்டு, மஞ்சள் சாயம், காகிதம், கை வண்ணம் தீட்டிய புகைப்படம், நீர்வண்ணம், அச்சுப்படம். அதாவது, ஒரு சாதாரணத் தமிழ் வீட்டில் 'பழசு' என்று இருக்கிற எல்லாமே.

இந்த வீடுகளுக்குள் ராத்திரி வெளிச்சம் எப்போது வந்தது? கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் 1950-களின் கடைசியில் ஓட ஆரம்பித்தது. முதலில் குண்டு பல்பு. அதன் வெளிச்சம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும், புறஊதா ரொம்பக் கம்மி. பிறகு ட்யூப் லைட். அதன் உள்ளே நடப்பது இது: பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது பெருமளவு புறஊதாதான் பிறக்கிறது. குழாயின் உள்சுவரில் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கிக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாக மாற்றித் தருகிறது. கொடிய அலைகளைக் கண்ணாடியே நிறுத்திவிடும். ஆனால் 365 நானோமீட்டர் பக்கம் கொஞ்சம் கசியும், ஊதாவும் நீலமும் தாராளமாக வரும். வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. குண்டு பல்பைவிடக் கரண்ட் மிச்சம், வெளிச்சம் 'வெள்ளையா' இருக்கு, அவ்வளவுதான்.

அருங்காட்சியகங்கள் இதைச் சமாளித்த விதத்தில் ஒரு எண் புகழ்பெற்றது: 75. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறிவியல் ஆலோசகர் கேரி தாம்சன் (புத்தரைப் பற்றியும் புத்தகம் எழுதியவர்) 1978-இல் வெளியிட்ட அருங்காட்சியகச் சூழல் பற்றிய நூல் பல வருஷம் அந்தத் துறைக்கு வேதமாக இருந்தது. ஒரு லூமென் வெளிச்சத்துக்குள் 75 மைக்ரோவாட்டுக்கு மேல் புறஊதா இருந்தால் வடிகட்டி போடு என்பது விதி. ஏன் 75? குண்டு பல்பில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவு, வடிகட்டி இல்லாமலே சமாளித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அதுவே எல்லை. பொறியியல் விதிகள் பலவும் இப்படித்தான் பிறக்கின்றன. எங்கிருந்தோ வந்த ஒரு எண் கல்லில் பொறித்தது மாதிரி ஆகிவிடும்.

அடுத்து வெளிச்சத்தின் அளவு. மெழுகுவத்தியில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு காகிதத்தைப் பிடித்தால் அதில் விழுவது சுமார் 1 லக்ஸ். நேர் வெயில் 1,00,000 லக்ஸைத் தொடும். மென்மையான பொருட்களுக்கு 50 லக்ஸ் என்பது அருங்காட்சியக வழக்கம். ஆனால் லக்ஸ் பாதிக் கணக்குதான், நேரத்தால் பெருக்கவேண்டும். 50 லக்ஸில் 2,000 மணி நேரம் இருப்பதும் வெயிலில் ஒரு மணி நேரம் கிடப்பதும் ஒரே பெருக்கல் தொகை. விளக்கை அணைத்தால் சேதம் நிற்கும், போனது திரும்பாது. இந்தக் கணக்கில் வரவு என்ற பத்தியே கிடையாது. மிக மென்மையான வகைக்கு வருஷத்துக்கு 15,000 லக்ஸ்-மணி போதும் என்று 2004-இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் பரிந்துரைத்தது.

இதை எங்கள் வீட்டு ஹாலுக்குப் போட்டுப் பார்த்தேன். போன தீபாவளி லீவில் ஃபோனில் ஒரு செயலியை இறக்கி அளந்தேன். ஃபோன் கணக்கு துல்லியம் இல்லை, இருந்தாலும் உத்தேசம் தெரியும். படம் மாட்டியிருந்த சுவரில் 150 லக்ஸ் பக்கம் வந்தது. ஒரு நாளைக்கு 5 மணி நேரம் லைட் எரிந்தால் வருஷத்துக்கு 2,73,750. வருஷத்துக்கு உரிய பங்கு 20 நாளில் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் பதினோரு மாதமும் கடனில் ஓடுகிறது.

அந்தப் படம் எங்கள் தாத்தா வாங்கி மாட்டிய முருகன் படம், சிவகாசியில் அச்சானது. கீழ் மூலையில் சி. கொண்டையராஜு என்ற கையெழுத்து. தென்மாவட்டத்து வீடுகளில் இந்தப் பெயரைப் பார்க்காதவர்கள் குறைவு, யார் என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதினார், பிறகு கோவில்பட்டியில் தங்கி சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோ நடத்தினார். பக்கத்தில் சிவகாசி. அவரும் சீடர்களும் எழுதிய முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் காலண்டர்களாக லட்சக்கணக்கில் போய், நம் மனசில் சாமிக்கு என்ன முகம் என்பதையே தீர்மானித்துவிட்டன. 1976-இல் இறந்தார்.

இதில் விசேஷம் என்னவென்றால், காலண்டர் என்பது வருஷம் முடிந்ததும் கழற்றிப்போடுவதற்காக அச்சடித்தது. 12 மாசம் தாங்கினால் போதும் என்று மை போட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் சாமி முகத்தை எப்படிக் குப்பையில் போடுவது? தேதியைக் கத்தரித்துவிட்டுச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஒரு வருஷப் பொருளை மூன்று தலைமுறைப் பொருளாக மாற்றியது பக்தி; மைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எங்கள் வீட்டு முருகனின் செம்பட்டு இப்போது வெளிறிய சாம்பல். பின்னால் இருக்கிற மலைக்காடு நீலம். மயில் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதே மாதிரி ஒரு விபத்து பெரிய இடத்திலும் நடந்தது. 1964-இல் மார்க் ராத்கோவின் ஐந்து பெரிய ஓவியங்களை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உச்சிமாடிச் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். பெரிய ஜன்னல்கள். திரையை மூடியே வைக்கச் சொல்லியிருந்தது. சாப்பிட வருகிறவர்கள் வெளியே பார்க்க ஆசைப்பட்டுத் திறந்தார்கள். ராத்கோ பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளிச்சத்தில் நிற்காதது. செந்நிறம் நீலமாக வெளுத்து, 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அச்சு மெஜந்தாவில் பரவலாகப் பயன்படும் லித்தால் ரூபின் இந்த நிறமிக்கு நெருங்கிய சொந்தம். ஹார்வர்டில் ராத்கோவுக்கு வந்த வியாதியும் தேவாரத்தில் எங்கள் முருகனுக்கு வந்த வியாதியும் ஒரே குடும்பத்தது என்று சொன்னால், ராத்கோ ரசிகர்கள் கோபிக்கலாம், வேதியியல் கோபிக்காது.

2014-இல் அந்த ஓவியங்களைத் திரும்பக் காட்டிய விதம்தான் என் தொழிலுக்கு நெருக்கமானது. அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நாராயண் காண்டேகர், யென்ஸ் ஸ்டெங்கர் ஆகியோரும், நாசிக்கில் பிறந்து எம்.ஐ.டி.யில் இருந்த ரமேஷ் ராஸ்கரின் குழுவும் சேர்ந்தார்கள். ஓவியத்தில் ஒரு துளி பெயின்ட்கூடத் தடவக் கூடாது என்பது நிபந்தனை. 1964-இல் எடுத்த வண்ண ஸ்லைடுகள் இருந்தன. அவையும் வெளுத்திருந்ததால் முதலில் அவற்றைக் கணினியில் மீட்டார்கள். பிறகு, பழைய நிறத்தில் இருந்து இப்போதைய நிறத்தைப் புள்ளி புள்ளியாகக் கழித்து, அந்த வித்தியாசத்தை மட்டும் புரொஜெக்டரால் ஓவியத்தின் மேல் பாய்ச்சினார்கள். பார்ப்பவர் கண்ணில் 1964 தெரிந்தது. தினமும் சாயங்காலம் 4 மணிக்குப் புரொஜெக்டரை அணைத்துவிடுவார்கள், வெளுத்துப்போன நிஜ ஓவியத்தோடு கொஞ்ச நேரம் நிற்கலாம். அந்த அணைக்கும் நேரத்தைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் வந்தார்களாம். நானாக இருந்தாலும் அதற்குத்தான் போயிருப்பேன்.

கொண்டையராஜுவுக்கு யாரும் புரொஜெக்டர் கொண்டுவரப் போவதில்லை. நான் செய்தது சின்ன வேலை. படத்தைக் கழற்றி ஸ்கேன் செய்து, சட்டத்தின் ஓரத்துக்கு அடியில் வெளிச்சமே படாமல் இருந்த ஒரு விரல்கடைப் பட்டையை அளவாக வைத்து, நிறத்தைக் கணினியில் ஓரளவு மீட்டேன். அந்தப் பட்டையைப் பார்த்தபோது வீட்டில் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இவ்வளவு சிவப்பாகவா இருந்தார் முருகன்? அந்த இலைக்கு அப்படியொரு பச்சை.

அதற்குள் மதுரையில் ஒரு சட்டம் போடும் கடையில் அண்ணன் விசாரித்து வைத்திருந்தார். யுவி தடுக்கிற அக்ரிலிக் போட்டுத் தருகிறோம், உள்ளேயே எல்இடி பட்டையும் வைத்துவிடலாம், எல்இடியில்தான் யுவி கிடையாதே, படம் நூறு வருஷம் அசையாது என்று கடைக்காரர் சொன்னாராம். முன்னால் சொன்ன பாதி உண்மை இதுதான். எல்இடியில் புறஊதா கிட்டத்தட்ட இல்லை என்பது சரி. 2015-இல் உஜாலா திட்டத்தில் எல்இடி பல்பு மலிவாக வீடு வீடாக வந்ததே, நம் வீட்டுப் படங்களுக்கு அது தெரியாமல் நடந்த ஒரு நல்லது. ஆனால் வெள்ளை எல்இடியின் அடிப்படையே 450 நானோமீட்டர் பக்கம் எரிகிற நீல ஒளி. மஞ்சள் மை மஞ்சளாகத் தெரிவதே அந்த நீலத்தை விழுங்குவதால்தான். படத்துக்கு நாலு அங்குலம் தள்ளி ராத்திரி பகலாக எல்இடி எரிந்தால் அக்ரிலிக் அதைத் தடுக்காது. தடுத்தால் படமே மஞ்சளாகத் தெரியும். தூரம், நேரம், மங்கல், இந்த மூன்றும் இல்லாமல் வெறும் வடிகட்டியை மட்டும் நம்புவது, கறுப்பு உறை போட்டுவிட்டு மூட்டை வாயைத் திறந்து வைப்பது மாதிரி.

மூலத்தைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, மீட்ட பிரதியை ஹாலில் மாட்டலாம் என்று சொன்னேன். அத்தைக்குச் சம்மதமில்லை.

“சாமியக் கொண்டுபோய்ப் பீரோவுக்குள்ள போட்டுப் பூட்டுவாகளா மருமகனே? எங்கப்பா தெனமும் கும்புட்ட படம். நீங்க கம்ப்யூட்டர்ல எடுத்தது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது எங்கப்பா கும்புட்டது இல்லையே.”

இதற்கு அருங்காட்சியக நூல்களில் பதில் இல்லை. கென்சிங்டனில் கேஸ் விளக்கு போட்டவர்களும் இதே பக்கம்தான் நின்றார்கள்: பார்க்கத்தானே படம். நான் ஃபோனை எடுத்துக்கொண்டு பூஜை அறைக்குப் போனேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, ஒரு எண்ணெய் விளக்கு. சாத்திய கதவு காலையிலும் சாயங்காலமும் மட்டும் திறக்கும். சுவரில் 10 லக்ஸ்கூட முழுசாக வரவில்லை. ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று தாராளமாகப் போட்டாலும் வருஷத்துக்கு 10,950. சர்வதேச ஆணையம் கேட்ட 15,000-க்குள் அடக்கம்.

எண்ணெய்ப் புகை படாத மாதிரி விளக்குக்கு எதிர்ச்சுவரில், சுவரை ஒட்டாமல் பின்னால் காற்றுப் போக ரெண்டு தக்கை வைத்து, முருகனை அங்கே மாட்டினோம். ஹாலில் ஆணி அடித்திருந்த இடத்தில் செவ்வகமாக ஒரு வெள்ளை தெரிந்தது. பிரதி வந்ததும் அங்கே மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.